சீட்டில் விழுந்த கட்சி

பிரஜின் வாதத்தில் ஜெயித்த மறுவாரம், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அவன் அம்மா வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் ஸ்டூல்களை எடுத்துவிட்டார்கள்.

சோறு போடும்போதுதான் சரோஜம் அதைச் சொன்னாள். "ஸ்டூலு மூணையும் மேல மச்சுல கொண்டு போட்டாச்சு. அண்ணாச்சி போன்ல என்னமோ வாசிச்சுக் காட்டினாரு. யாரோ படிச்ச பையன் எழுதினதாம். ஜவுளிக்கடைப் பொம்பளைக்கு நிக்கத்தான் இஷ்டமாம்."

பிரஜின் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "வேற என்ன எழுதியிருந்தான்?"

"உக்காந்தா எழும்ப மனசு வராதுன்னு ஒருத்தி சொன்னாளாம். நான் உங்கிட்ட சொன்னது மாதிரியே இருக்கு, கேட்டியா. எல்லாக் கடையிலயும் ஒரே கதைதான் போல." அவள் சிரித்துக்கொண்டே மோரை ஊற்றினாள்.

அவன் மோர்ச்சோற்றைச் சாப்பிட்டு முடித்தான்.

இன்ஜினியரிங்கை மூன்றாம் வருடத்தில் விட்டவன் அவன். பிறகு கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிப்டில், அமெரிக்காக்காரர்களின் பிரிண்டர் ஏன் ஓடவில்லை என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தான். அதையும் விட்டான். விடாமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்று: 'கிள்ளியாறு'. திருவனந்தபுரத்துத் தமிழர்கள் கூடும் இணைய அரங்கம் அது. வாடகை வீடு, ரயில் டிக்கெட், நல்ல பல் டாக்டர் என்று தொடங்குகிற எந்தப் பேச்சும் பத்தாவது பதிவில் அப்பன் ஆத்தாளை இழுக்கிற சண்டையாக முடியும். சண்டைகளை அழிப்பது பிரஜினின் பொறுப்பு. சம்பளமில்லை. வீடு அம்மாவின் சம்பளத்தில் ஓடியது.

அழித்து அழித்துச் சலித்துப் போய், முறையான வாதத்துக்கென்று தனிப் பகுதி தொடங்கலாம் என்று அவன்தான் யோசனை சொன்னான். அரங்கத்தை நடத்தும் நீலகண்டன், கரமனை அக்ரஹாரத்தில் இருக்கும் ரிட்டயர்டு ஆடிட்டர், உடனே போன் செய்தார்.

"பட்டிமன்றம்னு பேர் வெச்சுக்கோயேன்டா. கூட்டம் வரும்."

"கூட்டம் வேண்டாம் மாமா. ஒழுங்கு வேணும்."

"சரி, ஒழுங்கையே வெச்சுண்டு உக்காரு. யார் வரான்னு பார்ப்போம்."

விதிகளை அவன் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினான். தலைப்புக்கு ஆதரவா எதிர்ப்பா, எந்தக் கட்சி என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். விழுந்த கட்சியை முழு மனதோடு வாதாட வேண்டும். சொந்தக் கருத்தைச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு நாள் அவகாசம். ஒரு நிமிடம் பிந்தினாலும் பதிவு மறைக்கப்படும். யார் சொன்னது சரி என்று பார்க்காமல், யார் நன்றாகச் சொன்னார் என்று பார்த்து உறுப்பினர்கள் ஓட்டுப் போட வேண்டும். அவகாசம் தீர்ந்தால் தானாக விழும் அறிவிப்பைக்கூட அவனே எழுதி வைத்தான். வாழ்க்கையில் அவன் முழுதாகச் செய்து முடித்த ஒரே காரியம் அது.

நீலகண்டன் சொன்னதுபோலவே யாரும் வரவில்லை. கடைசியில் கழக்கூட்டத்தில் சாப்ட்வேர் வேலை பார்க்கும் விஷ்ணுப்ரியா என்ற பெண் மட்டும் பெயர் கொடுத்தாள். எதிர்க்கட்சிக்கு ஆள் இல்லாததால் பிரஜினே இறங்கினான். நடத்துகிறவன் வாதாடலாமா என்று யாரும் கேட்கவில்லை. அவனும் கேட்டுக்கொள்ளவில்லை.

தலைப்பு: 'கடைப் பெண்களுக்கு இருக்கை தேவையா?' நீலகண்டன் வீடியோவில் வந்து பித்தளை டம்ளரில் இரண்டு சீட்டுகளைக் குலுக்கினார். பிரஜினுக்குத் 'தேவையில்லை' விழுந்தது.

உட்கார உரிமை உண்டு என்று சட்டமே இருக்கிறது. தோற்கிற கட்சி. அதனாலேயே அவனுக்கு வெறி பிடித்தது. நிற்பது சேவையின் மரியாதை என்றான், சுறுசுறுப்பு என்றான். எதுவும் எடுபடவில்லை. அப்போதுதான் அம்மாவைப் பிடித்தான். 'என் வீட்டிலேயே ஒரு ஜவுளிக்கடைப் பெண் இருக்கிறார். கடையில் ஸ்டூல் போட்டும் அவர் உட்காருவதில்லை. ஏன் என்று கேட்டேன். உட்கார்ந்தால் எழும்ப மனசு வராது என்றார். தொழிலை மதிக்கிறவரின் சொல் இது.'

அம்மா அப்படிச் சொன்னது உண்மை. முழங்காலுக்குக் கீழே முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்த நரம்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு, "அதுபோக, உக்காந்தா அண்ணாச்சி ஒரு பார்வை பாப்பாரு, பாத்துக்கோ. அதுக்கு நின்னே செத்துரலாம்" என்றாள். அந்தப் பாதியை அவன் எழுதவில்லை.

விஷ்ணுப்ரியாவின் கடைசிப் பதில் நாலைந்து நிமிடம் பிந்தி வந்தது. ஆபீஸ் மீட்டிங் இழுத்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டிருந்தாள். பிரஜின் அதை முழுதாக வாசித்தான். பிறகு விதிப்படி மறைத்தான். ஓட்டு அவன் பக்கம் விழுந்தது. 'வெற்றி: பிரஜின்' என்று மேலே வந்த எழுத்தை அந்த வாரம் அவன் எத்தனையோ தடவை திறந்து பார்த்திருந்தான்.

அம்மாவைப் பற்றிய அந்தப் பத்தியை மட்டும் யாரோ வெட்டி, தலைப்பும் விதியும் அவன் பெயரும் இல்லாமல், சாலைக் கடைத்தெரு வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள்.

அம்மா ஸ்டூல் விஷயத்தைச் சொன்ன மறுநாள் முற்பகலில் அவன் கடைக்குப் போனான். கல்லாவில் முதலாளி திரவியம் இருந்தார். வள்ளியூர் பக்கத்திலிருந்து வந்து சாலையில் கடை பிடித்தவர். உள்ளே சரோஜம் ஒரு மலையாளக் குடும்பத்துக்கு முண்டு விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மகனைப் பார்த்ததும், என்ன என்பதுபோல முகவாயை அசைத்தாள்.

"அண்ணாச்சி, ஸ்டூல் விஷயமா குரூப்ல வந்ததே, அது நான் எழுதினது."

திரவியத்தின் முகம் மலர்ந்தது. "சரோஜம் மகனா எழுதினது? எம்மா சரோஜம், இங்க பாரு. நம்ம பையன்தான் எழுதியிருக்கான். எவ்வளவு நறுக்குனு எழுதியிருக்கேலே நீ. எனக்கே சொல்லத் தெரியலியே இப்படி."

முண்டின் மடிப்பை நீவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அது ஒரு போட்டி அண்ணாச்சி. சீட்டுப் போட்டு விழுந்த கட்சி. நான் அப்படி நினைக்கல."

"நினைக்காமலா இப்படி எழுத முடியும்? நீ எழுதினத நம்பாண்டாம், இப்பச் சொல்றத நம்பணுமாக்கும்?"

"சட்டம் இருக்கு, அண்ணாச்சி."

"இருக்கட்டும். ஸ்டூல் இல்லேன்னா சொன்னேன்? மச்சுல இருக்கு. வேணும்னு ஒருத்தி சொன்னா அடுத்த நிமிஷம் இறக்கிருவேன்." அவர் உள்ளே திரும்பினார். "ஏம்மா சரோஜம், உனக்கு ஸ்டூல் வேணுமா?"

முண்டு வாங்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் சரோஜம்.

"கேட்டியா?" என்றார் திரவியம். "சாயா குடிச்சிட்டுப் போ மக்களே."

அவன் குடித்தான். அதுதான் பின்னால் அவனை அதிகம் அரித்தது. டம்ளரை வாங்கி, நின்றுகொண்டே, கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

அம்மா சாயங்காலம் வந்து கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் காலில் சுற்றியிருந்த பேண்டேஜைச் சாவகாசமாகப் பிரித்தாள்.

"போட்டின்னா எதிர்ல ஒரு ஆள் உண்டுமில்லியா? அவன் என்ன எழுதினான்?"

"அவள். பொண்ணு."

"அவ என்ன எழுதினா? வாசி."

அவன் மறைத்துவைத்த பதிவை எடுத்து வாசித்தான். 'எதிர்க்கட்சி நண்பர் வீட்டுப் பெண்ணிடம் ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார். அவர் உட்காராதது விருப்பத்தாலா, பயத்தாலா? அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டாரா என்று மட்டும் இந்த மன்றத்தில் சொல்லட்டும்.'

சரோஜம் பேண்டேஜை உருட்டி முடித்தாள். "இத நீ ஏன் மறைச்சே?"

"லேட்டா வந்தது."

"எவ்வளவு லேட்டு?"

அவன் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. "பஸ் அதவிட லேட்டா வரும்" என்றாள்.

"அம்மா, நீங்க சொன்னது முழுசையும் இப்ப எழுதிப் போடுறேன். அண்ணாச்சி பார்வையைப் பத்திச் சொன்னதையும்."

"போடாண்டாம்." முதல் முறையாக அவள் குரல் உயர்ந்தது. "சரோஜம் மகன்னு இப்பத் தெரிஞ்சாச்சு. அதுவும் அவரு போனுக்கு வரும். வந்தா ஸ்டூலுக்குப் பதிலா நான் போவேன். உன் வாயில நான் ஒருக்க வந்தது போதும்."

அவனால் செய்ய முடிந்தது ஒன்றுதான். விஷ்ணுப்ரியாவின் பதிவை மறைவிலிருந்து எடுத்து மன்றத்தில் எல்லோரும் பார்க்கப் போட்டான்.

உடனே நீலகண்டன் அழைத்தார். "ரூல் போட்டவனே மீறறயேடா."

"மீறினேன் மாமா."

"சரி, வெளியில வந்துடுத்து. இனி பதில் சொல்ல வேண்டியது நீ. ஒரு நாள் அவகாசம். அதுவும் நீ போட்ட ரூல்தான்."

கேள்விக்குக் கீழே ஆட்கள் கூடினார்கள். 'பதில் எங்கே?' என்றார்கள். அந்தப் பகுதி தொடங்கியதிலிருந்து இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. விஷ்ணுப்ரியாவும் காத்திருந்தாள் போலிருக்கிறது. பிரஜினுக்குப் பதில் தெரியும். ஒரே ஒரு சொல்: பயத்தால். அதை எழுதும் உரிமை அவனிடம் இல்லை. எழுதக் கூடாததை எழுதிப் பேர் வாங்கியவன் அவன்.

மறுநாள் சாயங்காலம், கடையில் கூட்டம் குறையாமல் அம்மா இன்னும் அங்கே நின்றுகொண்டிருந்த நேரத்தில் அவகாசம் தீர்ந்தது. கேள்விக்கு அடியில் அறிவிப்பு தானாக விழுந்தது.

'பிரஜின் பதில் தரவில்லை.'

அவனே எழுதிய வாக்கியம்தான். பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தான்.