கோட்டு போட்ட பலராமன்

"அப்ப நான் செத்துட்டேன்னு சொல்றீங்க."

"நான் எங்கேப்பா சொன்னேன்? பேனர் சொல்லுது."

"இன்னாண்ணே, சிரிக்கறீங்களா?"

"சிரிக்கல தாஸு. என் வாயே அப்படித்தான்."

இருவரும் பாகூர் கல்யாண மண்டபத்து வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சுப்புராயன், அன்றைய ரிசப்ஷனுக்கு வந்திருந்த இன்னிசைக் குழுவின் சொந்தக்காரர். மற்றவர் குழுவின் கிடார்காரர் அருள்தாஸ். பேனரில் மணமக்களுக்கு மேலே, வெள்ளை மேகங்களுக்கு நடுவில், தலையைச் சுற்றி ஒளிவட்டத்தோடு, கோட்டும் டையும் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவரும் அதே அருள்தாஸ்தான். கீழே 'தெய்வத்திரு பலராமன் அவர்களின் நல்லாசியுடன்' என்று எழுதியிருந்தது.

பலராமன் மணப்பெண்ணின் பெரியப்பா, கரும்புத் தோட்டக்காரர். போன வருஷம் தவறிப்போனவர்.

பேனர் கடை நவீன்குமாரைக் குற்றம் சொல்ல முடியாது. அவனுக்கு ஒரே நாளில் இரண்டு வேலைகள் வந்தன. ஒன்று இந்தக் கல்யாணப் பேனர், இன்னொன்று குழுவின் மேடைப் பேனர். வந்த போட்டோக்களில் ஒருவர் கோட்டு போட்டிருந்தார், ஒருவர் கிடார் வைத்திருந்தார். கோட்டு போட்டவர் கரும்புத் தோட்டத்து முதலாளி, கிடார் வைத்திருப்பவர் கிடார்காரர். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அந்தக் கோட்டு அருள்தாஸுக்குக் கப்பல் கம்பெனி கொடுத்தது என்பதும், பலராமன் கையில் இருந்தது வில்லியனூர்த் தேர்த் திருவிழாவில் போட்டோ பிடிப்பவன் கொடுத்த அட்டை கிடார் என்பதும் அவனுக்கு எப்படித் தெரியும்? அப்படியும் அச்சடிக்கும் முன் மாதிரியைப் பெண் வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினான். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்க்காமலே கும்பிடு போட்டார்கள். இறந்தவர் படம் வந்தால் கும்பிடுவதுதானே முறை.

"சரி, என் பேருக்கு மேல யாரு?" என்றார் அருள்தாஸ்.

உள்ளே மேடைக்குப் போய்ப் பார்த்தார்கள். 'ஜாஸ் கிடார்: அருள்தாஸ்' என்ற எழுத்துகளுக்கு மேலே பலராமன் உட்கார்ந்திருந்தார். மீசை நன்றாக இருந்தது.

"கிடார இடது கைப் பக்கமாப் புடிச்சிருக்கான்," என்றார் அருள்தாஸ். செத்தவராகக் காட்டப்பட்டதை விட அதுதான் அவருக்கு வலித்தது.

இந்தப் பேனருக்காக அவர் சுப்புராயனிடம் எத்தனையோ வருஷம் கெஞ்சியிருக்கிறார். பெரிய ஆசையெல்லாம் இல்லை. பேர் ஒரு தடவை வெளியே வரவேண்டும், அவ்வளவுதான். வில்லியனூர் மாதா கோயில் பாடல் குழுவில் கிடார் பிடித்தவர், மாதா பாட்டுக்கு நடுவே வேறு எங்கோ போய்த் திரும்பி வந்ததால் சாமியார் அவரை அன்போடு வெளியே அனுப்பினார். பிறகு கப்பல். சிங்கப்பூருக்கும் அதற்கு அப்பாலும் போகிற பயணிகளுக்கு நடுவே, அவர் வாசித்ததற்கு ஜாஸ் என்று ஒரு பேர் இருப்பது தெரிந்தது. அங்கே அவரை 'டாஸ்' என்றார்கள். ஊர் திரும்பி, புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் சாப்பாட்டு நேரத்துக்கு வாசித்தார். ஸ்பூன் சத்தம் கேட்கும்படி மெதுவாக வாசிக்கச் சொன்னார்கள். சென்னையில் ஒரு கேசட்டு வந்தது. அதில் அவர் பேர் 'மற்றும் குழுவினர்'. கடைசியில் சுப்புராயன். இங்கே நிகழ்ச்சி முடிவில் கலைஞர்களை அறிமுகம் செய்வது வழக்கம். கீபோர்டு, ரிதம் பேடு, தபேலா என்று வந்து கிடாருக்கு வருவதற்குள் கடைசிப் பந்தி போட்டுவிடுவார்கள்.

ஜாஸ் என்றால் என்ன என்று கேட்டால் அருள்தாஸ் இப்படிச் சொல்வார்: "தெரிஞ்ச தெருவுல நேரா போய்க்கினே இருக்கோம். சட்டுன்னு ஒரு சந்துல பூந்துடணும். எவன் வூட்டுக் கொல்லையோ, எவன் வூட்டு நாயோ, எல்லாத்தையும் தாண்டி ஓடி, சரியா தெருமுனையில மத்தவங்களோட வந்து நிக்கணும். மூச்சு வாங்கக்கூடாது."

சுப்புராயனுக்குச் சந்து பிடிக்காது. "ரெக்கார்டுல இருக்கறத வாசி," என்பார். கிடார் கொஞ்சம் வளைந்தால் மேடையிலேயே திரும்பி முறைப்பார்.

பெண்ணின் அப்பா தமிழ்க்குமரன் பட்டுச் சட்டை நனைய ஓடிவந்தார். விஷயம் அவருக்கும் தெரிந்துவிட்டது.

"மாஸ்டர், உங்க கால்ல வுழறேன். மாப்பிள்ளை வீட்டுத் திண்டிவனத்துக்காரங்க வந்து எங்க அண்ணன்னு நெனச்சு உங்களக் கும்பிட்டுட்டாங்க. மாப்பிள்ளையோட மாமா ஒருத்தர் கண்ணே கலங்கிட்டாரு. இப்பப் போய் இவரு உயிரோட இருக்காருன்னா..."

"இருக்கறது தப்பா?"

"ஐயோ, நல்லா இருங்க! நூறு வருஷம் இருங்க! இன்னிக்கு மட்டும் வெளிய தெரியாம இருங்க. நல்ல காரியத்துல உயிரோட இருக்கறவர மேகத்துல வெச்சா அபசகுனம்னுவாங்க. பேனர இறக்கினாலும் அபசகுனம்."

முடிவு இப்படி ஆனது: மேடைப் பேனரில் பலராமன் முகத்தின் மேல் ஒரு கொத்து பலூன் ஒட்டப்படும். அருள்தாஸ் ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாசிப்பார். பேர் அறிவிப்பு கிடையாது.

"சரி," என்றார் அருள்தாஸ். அவர் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதைப் பார்த்துச் சுப்புராயன் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பாக்ஸுக்குப் பின்னால் இருப்பவரை முறைக்க முடியாது.

முதல் இரண்டு பாட்டும் நேர்த்தெரு. மூன்றாவது ஒரு பழைய காதல் பாட்டு. சரணத்துக்கு முன்னால் வரும் இடைவெளியில் கிடார் சந்துக்குள் புகுந்தது. பாடகி ஜோஸ்பின் மைக்கைப் பிடித்தபடி காத்திருந்தாள். கிடார் வரவில்லை. அது யார் வீட்டுச் சுவரிலோ ஏறி, கோழிகளைக் கலைத்து, வேலியில் வேட்டி கிழிந்து, ஒரு கிணற்றைச் சுற்றிவந்து, தானே சிரித்துக்கொண்டு ஓடியது. சுப்புராயன் பழக்கத்தில் திரும்பி முறைத்தார். எதிரே கறுப்புப் பாக்ஸ் நின்றது. தபேலாக்காரர் முதலில் பயந்து, பிறகு துரத்த ஆரம்பித்தார். பந்தியில் ரசம் கேட்டவர் கேட்டதை மறந்தார். ஜோஸ்பின் மூச்சை இழுத்தாள். கிடார் சரியாகத் தெருமுனையில் வந்து நின்றது.

மண்டபம் கைதட்டியது. அதில்தான் வினை.

"கிடார் ஆரு வாசிக்கறது?" மாப்பிள்ளையின் மாமா எழுந்தார். முன்பு கண் கலங்கியவர்தான். "மேடையில கிடாரையே காணோம். டிராக் போட்டு ஏமாத்தறீங்களா? ஆளக் காட்டுங்க!"

"ஆளக் காட்டு!" என்று திண்டிவனமே சொன்னது.

சுப்புராயன் தமிழ்க்குமரனைப் பார்த்தார். தமிழ்க்குமரன் கும்பிட்டார்.

இதற்குள் பாக்ஸுக்குப் பின்னால் ஒரு அம்மா வந்து நின்றாள். பலராமனின் மனைவி செங்கமலம். ரிசப்ஷனில் அவளை யாரும் பின்னால் போகச் சொல்லவில்லை. நாற்காலியைத்தான் அங்கே போட்டிருந்தார்கள்.

"வாசல்ல எங்க வூட்டுக்காரரு எடத்துல இருக்கறது நீங்கதானா?"

அருள்தாஸ் எழுந்துவிட்டார். "மன்னிச்சுக்கம்மா."

"எதுக்கு? அவர ஒரு தடவ கோட்டுல பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆச. நல்லாத்தான் இருக்கு." சிரிப்பை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "அப்ப அவரு எங்க?"

அருள்தாஸ் பலூனைக் காட்டினார்.

செங்கமலம் கொண்டையிலிருந்து ஊசியை உருவிக்கொண்டு மேடை ஏறினாள். "அண்ணி, வேணாம்!" என்று தமிழ்க்குமரன் கத்தியது பட்பட்டென்ற சத்தத்தில் கேட்கவில்லை. பலூன்கள் போன இடத்தில் மீசையும் அட்டை கிடாருமாகப் பலராமன் சிரித்தார்.

பெண் வீட்டார் தமிழ்க்குமரனைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு மூன்று பேர் பழக்கத்தில் கும்பிட்டார்கள்.

மாப்பிள்ளையின் மாமா கண்ணாடியைப் போட்டுப் படித்தார். "ஜாஸ் கிடார் அருள்தாஸ். இவர்தானா? இவரையா ஒளிச்சு வெச்சிருக்கீங்க? உடனே வரச் சொல்லுங்க சம்பந்தி, ஒரு பொன்னாடை போத்தணும்!"

தமிழ்க்குமரன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். செத்த அண்ணனை எங்கிருந்து வரச் சொல்வது?

"படத்துல இருக்கறவரு வர மாட்டாரு," என்றாள் செங்கமலம், பலராமன் கன்னத்தில் ஒட்டியிருந்த பலூன் துண்டைப் பிய்த்தபடி. "வாசிச்சவரு வருவாரு. அவர வர வுடுங்க தம்பி. இவரு கோச்சுக்க மாட்டாரு."

பாக்ஸுக்குப் பின்னாலிருந்து அருள்தாஸ் வந்தார். முழுதாக வரவில்லை, ஒயர் அவ்வளவுதான் நீளம். ஒரு தோளும், கிடாரின் கழுத்தும், பாதி முகமும் தெரிந்தன. வாசல் பேனரைக் கும்பிட்டவர்கள் கழுத்தை நீட்டினார்கள். மைக் சுப்புராயன் கையில் இருந்தது. கடைசிப் பந்திக்கு இலை போடும் சத்தம் கேட்டது.

"சுப்புராயண்ணே," என்றார் அருள்தாஸ். "பேர மட்டும் சொல்லிடுங்க. ஆளு யாருன்னு அப்பறம் பாத்துக்கலாம்."