லமினுவாருக்கு ஒரு கலியாண வீடியோ

ஜேர்மனியின் நூரன்பேர்க் பக்கம் எந்தக் கலியாணம் என்றாலும், பெண்பிள்ளை பெரியவளான எந்தச் சாமத்தியவீடு என்றாலும், கமராவோடு முதல் ஆளாக வந்து நிற்பவள் தக்சாயினி. மணவறையில் பூ விழுவதை மெல்ல மெல்ல விழவைப்பாள். மாப்பிள்ளையின் வழுக்கையை வெளிச்சத்தால் மறைத்துவிடுவாள். ஆனால் வேலை முடிந்து தன் வானை ஓட்டிக்கொண்டு தனியே போகும்போது அவள் கேட்பது நாதஸ்வரமும் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை. லமினுவார்தான்.

லமினுவார் பிரான்சின் லொரேன் பக்கத்து இரும்பாலை ஊர் ஒன்றில் பிறந்த இன்டஸ்ரியல் மெற்றல் இசைக்குழு. இரும்பை உருட்டித் தகடாக்கும் ஆலைக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர். ஆலையை மூடியதும் வேலை போன நாலு பேர், அங்கே கிடந்த எண்ணெய்ப் பீப்பாயையும் சங்கிலியையும் தூக்கிவந்து, அந்தச் சத்தத்தோடு கித்தாரையும் சேர்த்து அடிக்கத் தொடங்கினார்கள். சொந்த நாட்டில் ஒரு குருவிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லையைத் தாண்டி ஜேர்மனிக்குள் வந்தார்கள். இங்கே தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். வயல்வெளி விழாக்களில் பெரிய மேடை, ரயில் நிலையச் சுவரெல்லாம் இவர்கள் முகம் என்று ஒரு காலம் போனது. பிறகு கித்தார்காரன் கோபித்துக்கொண்டு போனான். அடுத்த இசைத்தட்டைச் சீண்ட ஆளில்லை. பெரிய மேடை சின்ன மேடையானது. பாடகி ஒடிலுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. எர்லாங்கனில் ஒரு சின்ன மண்டபத்தில் கடைசி நிகழ்ச்சி, அதோடு கடையைக் கட்டுகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள்.

அறிவிப்பைப் படித்த அன்று தக்சாயினி சோறு சாப்பிடவில்லை. தொழிற்பயிற்சிக்கு இடம் தேடி, போன இடமெல்லாம் இல்லை என்று சொல்லி அனுப்பிய பதினேழு வயதில், அந்த இரும்புச் சத்தம்தான் அவளைக் கட்டிலில் இருந்து எழுப்பி விட்டது. அம்மா அதைக் கேட்டுத் தகரக் கொட்டில் இடிகிறதோ என்று ஓடிவந்தது வேறு கதை. கடைசி நிகழ்ச்சியை நானே படம் எடுத்துத் தருகிறேன் என்று ஒடிலுக்கு எழுதிப் போட்டாள். சரி, வா என்று பதில் வந்தது. அவர்கள் போனபிறகு மிஞ்சப் போவது இந்தப் படம் ஒன்றுதான், இதில் பிழை விடக்கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

இரண்டாவது கமரா பேனாட் அண்ணை. மன்னார்க்காரர். கிழமை நாளில் பார்சல் வான் ஓடுவார், சனி ஞாயிறில் இவளோடு கலியாண வீடுகளுக்கு வருவார்.

“அண்ணை, நீங்கள் ட்ரம்ஸ் அடிக்கிறவரை மட்டும் பாருங்கோ. மேடையை நான் பாக்கிறன்,” என்றாள் தக்சாயினி, மண்டப வாசலில்.

“ஓம் பிள்ளை. பெருஞ்சத்தமா இருக்குமோ?”

“காதுக்குப் பஞ்சு வையுங்கோ.”

“அது நூரன்பேர்க்கிலேயே வைச்சிட்டன்.”

நிகழ்ச்சி தொடங்கியது. புகை மெஷினைப் பெரிய மேடைக் காலத்துக் கணக்கில் திறந்துவிட்டார்கள் போல. அந்தச் சின்ன மேடை கண்ணுக்கே தெரியாமல் போனது. புகைக்குள் இருந்து ஒடிலின் குரல் மட்டும் வந்தது. மூன்றாவது பாட்டுக்குப் பீப்பாய் அதிரத் தொடங்கியதுதான் தாமதம், தக்சாயினியின் தலை தன்பாட்டில் ஆடத் தொடங்கியது. அதுவும் சும்மா ஆட்டமா? பேயாட்டம். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, வாய் பாடுகிறது, தலை முன்னும் பின்னும் போகிறது. தோளில் கமரா இருப்பதை அவள் மறந்தே போனாள்.

அடுத்த நாள் வீட்டில் உட்கார்ந்து, எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்தாள். முதல் இரண்டு பாட்டும் வெறும் புகை. மூன்றாவதில் இருந்து பூமியதிர்ச்சி. மேடை, கூரை, யாரோ ஒருவருடைய சப்பாத்து, மறுபடியும் கூரை. பதைபதைத்து பேனாட் அண்ணையின் கமராவைத் திறந்தாள். ட்ரம்ஸ்காரர் திபோ கொஞ்ச நேரம் தெரிந்தார். அதன் பிறகு ஆளைக் காணோம்.

தொலைபேசியை எடுத்தாள். “அண்ணை, ட்ரம்ஸ்காரர் எங்கை?”

“ஒருக்கா எடுத்தனான் பிள்ளை. அவர் ஒரே மாதிரித்தானே அடிச்சுக்கொண்டு இருந்தவர்.”

“மிச்ச நேரம் என்ன செய்தனீங்கள்?”

“வந்த ஆக்களை எடுத்தன். ஒரு முகமும் விடுபடக்கூடாது எண்டு நீதானே எப்பவும் சொல்லுவாய்? போன மாசம் ஒரு மாமியை விட்டதுக்கு எவ்வளவு ஏச்சு வாங்கினம்? வாழ்த்தும் எடுத்தனான். வீட்டுக்காரரின்ரை நன்றிதான் எடுக்கேலாமல் போச்சு. அந்தப் புகைக்குள்ளை ஆர் வீட்டுக்காரர் எண்டு ஆருக்குத் தெரியும்?”

தக்சாயினி தொலைபேசியை வைத்தாள். தன் கமரா ஆடிய ஆட்டத்துக்கு அவள் எந்த முகத்தோடு திட்டுவது?

ஒடிலும் திபோவும் ஊருக்குப் போகும் வழியில் படத்தைப் பார்க்க வீட்டுக்கே வந்தார்கள். தக்சாயினி காலையில் இருந்து ரோல்ஸ் பொரித்தாள். பயம் வந்தால் அவள் சமைப்பாள். தனியே ஏச்சு வாங்க ஏலாது என்று பேனாட் அண்ணையையும் கூப்பிட்டு இருத்தியிருந்தாள். ஒடிலுக்கு எல்லைப்புறத்து டொச்சு, அதுதான் ஜேர்மன் மொழி, நன்றாக வரும். தக்சாயினி நடந்ததை மறைக்காமல் சொன்னாள். “மேடை இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடைசி நிகழ்ச்சியை நான் பழுதாக்கிவிட்டேன்.”

ஒடில் கதிரையை இழுத்துப் போட்டுத் திரையின் முன் உட்கார்ந்தாள். “இருப்பதைக் காட்டு,” என்றாள்.

படம் ஓடியது. வாசலில் நிற்கும் வரிசை. கையெல்லாம் பச்சை குத்திய ஆறடி மனிதர்களைப் பேனாட் அண்ணை, பெண் வீட்டாரை நிறுத்துவது போல உயரம் பார்த்து நிறுத்தியிருந்தார். “கிட்ட வாங்கோ, கிட்ட வாங்கோ,” என்று தமிழில் கேட்கிறது. அவர்களும் சமர்த்தாக நெருங்கி நிற்கிறார்கள். பிறகு டொச்சில், “வீட்டுக்காரருக்கு இரண்டு வார்த்தை வாழ்த்துச் சொல்லுங்கள்,” என்கிறார்.

தாடிக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினார். “டிரெஸ்டனில் அந்தப் பனிக்குள் நாங்கள் ஒரு கைப்பிடி ஆட்கள்தான் வந்தோம். நீங்கள் ஒரு பாட்டுக்கூடக் குறைக்காமல் பாடினீர்கள். இவளை அன்றைக்குத்தான் சந்தித்தேன்.” பக்கத்தில் நின்ற மனைவி கை காட்டினாள்.

காதுக்குக் கவசம் போட்ட ஒரு சிறுமியைத் தோளில் வைத்திருந்த தாய், “இவள் வயிற்றில் இருக்கும்போது உங்கள் பாட்டுக்குத்தான் உதைப்பாள்,” என்றாள். அடுத்து ஒரு தமிழ்ப் பையன் வந்தான். “வால்டோர்ஃப்ல இருந்து வர்றேன் சார். ஆபீஸ்ல லீவ் போட்டுட்டு வந்தேன். இவங்க நிறுத்தக் கூடாது, ப்ளீஸ்.” தக்சாயினி அதை மொழிபெயர்த்தாள்.

முகம் முகமாக வந்துகொண்டே இருந்தது. பியர் கொடுக்கும் இடத்தில், கோட்டு மாட்டும் இடத்தில், கழிப்பறை வாசலில்கூடப் பேனாட் அண்ணை ஒருவரையும் விடவில்லை.

ஒடில் கையை உயர்த்தினாள். தக்சாயினி நிறுத்தினாள்.

“மேடையில் நின்றால் கண்ணுக்குள் விளக்கு அடிக்கும்,” என்றாள் ஒடில். “அதற்கு அப்பால் ஒரே இருட்டு. இத்தனை வருடமும் நான் இருட்டைப் பார்த்துத்தான் பாடினேன். முன்பெல்லாம் இருட்டுக்குள் இருந்து பெரிய சத்தம் வரும். சத்தம் குறைந்ததும், இனி ஒருவரும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். இவர்களை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஓடவிடு.”

அடுத்த காட்சியில் ஒரு பெண். தோளில் கமரா, விரிந்த தலைமயிர், அழுதுகொண்டே பேயாட்டம் ஆடுகிறாள். திபோவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறியது.

“இது யார்?” என்றாள் ஒடில்.

“நான்தான்,” என்றாள் தக்சாயினி. ஒளிந்துகொள்ள ஒரு இடம் கிடைக்கவில்லை. ஒடில் எழுந்துவந்து அவளை இறுக்கிக் கட்டிப்பிடித்தாள்.

பிறகு ஒடிலும் திபோவும் பிரெஞ்சில் வேகமாகப் பேசத் தொடங்கினார்கள். கை ஆடியது, குரல் ஏறியது.

“சண்டை பிடிக்கினமோ?” என்று பேனாட் அண்ணை மெதுவாகக் கேட்டார்.

“தெரியேல்லை அண்ணை.”

பேச்சு அடங்கியதும் பேனாட் அண்ணை பொறுக்கமாட்டாமல் கமராவைத் தூக்கினார். விட்டுப்போனது ஒன்று அவரை அரித்துக்கொண்டே இருந்தது. “வீட்டுக்காரர் இப்போது நன்றி சொல்லலாம்,” என்றார் டொச்சில்.

ஒடில் விழித்தாள். தக்சாயினி அந்த வழக்கத்தை விளங்கப்படுத்தினாள். கலியாணம் முடிந்ததும் வந்தவர்களுக்கு வீட்டுக்காரர் நன்றி சொன்னால்தான் எங்கள் வீடியோ முடியும் என்றாள். ஒடில் உதட்டில் இருந்த ரோல்ஸ் துகளைத் தட்டினாள், பெண்ணின் தாய் போலவே தலைமயிரை ஒதுக்கினாள், கமராவை நேரே பார்த்தாள்.

“வந்த எல்லோருக்கும் நன்றி.” கொஞ்சம் நிறுத்தித் திபோவைப் பார்த்தாள். வாய் நிறைய ரோல்ஸோடு அவர் தலையாட்டினார். “அடுத்த வருடமும் இதே மண்டபம். அன்றைக்கு மண்டபத்து விளக்கை அணைக்கமாட்டோம். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பாடப்போகிறேன். கட்டாயம் வரவேண்டும்.”

பேனாட் அண்ணை கமராவை இறக்கினார். “இப்பதான் வீடியோ முடிஞ்சுது பிள்ளை,” என்றார்.

தக்சாயினிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “அடுத்தமுறை ரெண்டு கமராவும் உங்களுக்குத்தான் அண்ணை,” என்றாள். “நான் விருந்தாளியா வாறன்.”