அக்காவின் காது

மல்யுத்தப் பயிற்சியில் எதிராளியின் பிடியிலிருந்து தலையை உருவும்போது சின்னவளின் இடது காது நசுங்கியது. மூன்றாம் நாள் அது பலூன் மாதிரி உப்பி நின்றது. வலி உயிரை எடுத்தது. ஆனாலும் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அக்காவும் மல்யுத்தக்காரிதான். அவளுடைய இடது காதும் இப்படித்தான் வீங்கி, பிறகு முறுக்கிப் பிழிந்த துணி போல இறுகிப்போனது. அக்கா வேலைக்கென்று கடல் தாண்டிப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவள் கட்டிலில் இப்போது மடிக்காத துணிதான் குவிந்து கிடக்கிறது.

அம்மா விடவில்லை. காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவுல ரத்தம் கட்டியிருக்கும்மா," என்றார் டாக்டர். "மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதா கீறி எடுத்துடலாம். திரும்பச் சேராம ரெண்டு பக்கமும் பஞ்சு வச்சுத் தைக்கணும். தள்ளிப்போட்டா காது கோணிக்கும்."

"கோணட்டும். எனக்கு வேண்டாம்," என்றாள் சின்னவள்.

"காது கோணி யாரு மாதிரி ஆகணும் உனக்கு?" என்று டாக்டர் கேட்டார். கோணல் காதைப் பெருமையாக நினைக்கும் பல பிள்ளைகளைப் பார்த்தவர். அம்மா பெரியவளுக்கு வீடியோ கால் போட்டு, போனை இவள் கையில் திணித்தாள்.

அக்கா வேலை உடுப்பில் இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள். இத்தனை நாளும் அந்தப் பக்கத்தை அவள் போனில் காட்டியதே இல்லை என்பது சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இந்தப் பக்கம் படுக்க முடியாதுடி. இயர்போன் நிக்காது. எனக்கு அப்ப எடுத்துச் சொல்ல ஆளில்ல. என்னை மாதிரி இருக்கணும்னா உனக்கு இந்தக் காதுதானா கெடச்சுது?"

"நீதான் இங்க இல்லியே." என்றாள் சின்னவள்.

அக்கா போனை நிமிர்த்திப் பிடித்தாள். "போய்ப் படு. முடியறவரைக்கும் லைன்லயே இருக்கேன்."

சொன்னபடி இருந்தாள். ஊசி இறங்கும்போது, "அழறியா?" என்றாள்.

"இல்ல."

"பொய்யி."

இரண்டு வாரம் விளையாடக் கூடாது என்றார் டாக்டர். அந்த இரண்டு வாரமும் அக்கா தினமும் கூப்பிட்டாள். கட்டுப் பிரிக்கும் நாளில் விடுப்பே எடுத்துக்கொண்டு பேசினாள். பஞ்சை எடுத்தபோது காது பழைய வடிவத்திலேயே இருந்தது. டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. சின்னவள் காதுக் கவசம் மாட்டிக்கொண்டு பயிற்சிக்குத் திரும்பினாள்.

அன்று அக்காவிடமிருந்து போன் வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் இவளே கூப்பிட்டாள்.

"காது நல்லாருக்குக்கா."

"அப்புறம் என்னடி?"

"ஒண்ணுமில்ல. எப்ப வருவ?"

"லீவு கேட்டிருக்கேன். கம்பெனியில இன்னும் பதில் சொல்லல."

சின்னவள் "ம்" என்றாள். ஆனாலும் அன்றே அக்காவின் கட்டிலில் கிடந்த துணியையெல்லாம் எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.