கீழக்குயில்குடி விலக்கில் ஒரு பிளக்ஸ்

அருண்பாண்டி முட்டி போட்டதும் அஸ்வினிக்கு வந்தது வெட்கம் அல்ல, ஆத்திரம்.

கொழும்பு காலிமுகத்திடலில் சாயங்கால நேரம். பட்டம் விட்டுக்கொண்டிருந்தவர்கள், இறால் வடைக்காரரைச் சுற்றி நின்றவர்கள், பிள்ளைகளைத் தோளில் சுமந்து வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கையில் சிவப்பு வெல்வெட் பெட்டி. அதற்குள் மோதிரம். அலுவலகத் தோழி சரண்யாதேவி போனை நீட்டிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் ரோஜாப்பூக் கொத்தோடு தன் முறை எப்போது வரும் என்று காத்து நின்றான். ஆக, அஸ்வினியைத் தவிர எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது.

“அஸ்வினி, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?”

“எந்திரி.”

“பதில் சொல்லு, எந்திரிக்கிறேன்.”

“எந்திரின்னா எந்திரி, அருண். எல்லாரும் பாக்குறாங்க.”

யாரோ ஒருவர் கை தட்ட ஆரம்பிக்க, கூட்டமே தட்டியது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று கடலைப் பார்த்து நடந்தாள். பெண் வெட்கப்பட்டு ஓடுகிறாள் என்று நினைத்துக் கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது. சரண்யாதேவியும் அப்படித்தான் நினைத்தாள். வீடியோவை அங்கேயே நிறுத்தினாள்.

அருண்பாண்டி பின்னாலேயே ஓடிவந்தான். பேன்ட் முட்டியில் மண் ஒட்டியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு இன்னும் எரிந்தது.

“ஆடி முடியட்டும், அப்பாகிட்ட நானே சொல்றேன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்ன. போன ஆடிக்கும் இதத்தான் சொன்ன. அதுக்கு முந்தி தை பொறக்கட்டும்னு சொன்ன. நாலு வருசமா உன் போன்ல எம் பேரு கேஸ் புக்கிங். உங்கம்மா எடுத்து ஹலோன்னா, நான் சிலிண்டர்காரன் மாதிரிப் பேசணும். போன தடவ நிஜமாவே ரெண்டு சிலிண்டர் கேட்டாங்க.”

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பாள்.

“அதுக்காக நடுரோட்டுல முட்டி போடுவியா?”

“எங்கப்பா உங்க ஊர்க் களத்துல கைகட்டி நின்னவரு. நான் ஒருத்தன் முன்னாடியும் குனிஞ்சதில்ல. உன் முன்னாடி மட்டும் போட்டேன். அது உனக்கு கூத்தாத் தெரியுதா?”

“அதான் எனக்கு எரியுது! முட்டி போடுன்னு நான் எப்பக் கேட்டேன்? எங்க வீட்ல நீ சேர் போட்டு உக்காரணும். எங்கப்பாவுக்கு எதுக்க உக்காரணும். அதுக்குத்தான் இம்புட்டு நாளா நேரம் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“உங்க வீட்ல எனக்குச் சேரு.” அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் சிரிப்பே இல்லை. “அது கண்டிப்பா வந்துரும். நீதான் சொல்ல மாட்டேங்கிறியே.”

அவள் பெரியப்பா மகள் ஒருத்தி வீட்டை விட்டுப் போனபோது, போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த போனில்தான் குடும்பத்துக்கே விஷயம் தெரிந்தது. அன்றைக்கு அப்பா காளை ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...” சொல்லியிருந்தால் சேர்த்து வைத்திருப்பாரா, வெட்டிப் போட்டிருப்பாரா என்று அஸ்வினிக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் தன் விஷயம் வேறு யார் வாயிலிருந்தும் அப்பா காதுக்குப் போகக் கூடாது, தன் வாயால்தான் போக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தாள். கம்பெனி டூர் என்று பொய் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள். சரண்யாவும் வருகிறாள் என்பதால் அது பாதிப் பொய் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

“அந்த வீடியோவ யாருக்கும் அனுப்பிராத,” என்றாள்.

அருண்பாண்டி கடலைப் பார்த்தான். அவன் பதில் சொல்லாததை, கோபத்தில் இருந்தவள் கவனிக்கவில்லை.

மறுநாள் மதுரை விமான நிலையத்தில் இறங்கிப் போனை உயிர்ப்பித்ததும் அது அடங்காமல் துடித்தது. அம்மா மாயக்காளிடமிருந்து தவறிய அழைப்புகள். கடைசியாகக் குரல் செய்தி ஒன்று: “ஏத்தா, எங்க இருக்க? நேரா வீட்டுக்கு வா. அப்பா யார்கூடவும் பேச மாட்டேங்கிறாரு.”

சரண்யாதேவி தன் போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகம் வெளிறியிருந்தது. போனை அஸ்வினியிடம் நீட்டினாள்.

ஒரு பிளக்ஸ் போர்டின் படம். நடுவில் அருண்பாண்டி முட்டி போட்டிருக்கிறான். எதிரே அஸ்வினி. மேலே கொட்டை எழுத்தில், ‘நிச்சயம் காணும் நெஞ்சங்கள்’. கீழே ‘இவண்: ஆனையூர் நண்பர்கள்’. ஓரத்தில் கைகளைக் கூப்பி, வருக வருக என்று வரவேற்றுக்கொண்டிருப்பது காளை.

“அது எங்கப்பா,” என்றாள் அஸ்வினி. “எங்கப்பாவாடா அது?”

அருண்பாண்டி போனை வாங்கிப் பார்த்தான். “நேத்து ராத்திரி சரண்யாகிட்ட வீடியோவ வாங்கி ராம்கிக்கு மட்டும்தான் அனுப்புனேன். ஃப்ரெண்டுன்னு...”

ராம்கி ஆனையூரில் பிளக்ஸ் கடை வைத்திருப்பவன். காதுகுத்து, பிறந்த நாள், புது பைக் எடுத்தது வரை போர்டு வைக்காமல் விட்டால் அந்தக் காரியம் நடந்ததாகவே அவனுக்குக் கணக்கில்லை. அருண்பாண்டி போன் போட, அஸ்வினி பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

“மாப்ள! வந்துட்டியா? போர்டு பாத்தியா, எப்புடி?”

“டேய், எங்கடா வச்ச?”

“நம்ம ஆனையூர் முக்குல ஒண்ணு, கீழக்குயில்குடி விலக்குல ஒண்ணு.”

“அங்க எதுக்குடா வச்ச?”

“என்ன மாப்ள இப்புடிக் கேக்குற? மாப்பிள்ளை பக்கம் மட்டும் வச்சா பொண்ணு வீட்டுக்காரங்க கோவிச்சுக்க மாட்டாங்களா? ரெண்டு பக்கமும் வைக்கிறதுதான மரியாத. மாமா போட்டோவ தங்கச்சி ஃபேஸ்புக்ல இருந்து எடுத்தேன். கையக் கூப்பி அம்சமா இருந்தாரு.”

“அண்ணே,” என்றாள் அஸ்வினி. “நான் இன்னும் சரின்னே சொல்லல.”

“அப்ப அவங்க எல்லாம் எதுக்குக் கை தட்டுனாங்க?” என்று கேட்டான் ராம்கி.

அவள் போனை அருண்பாண்டியின் நெஞ்சில் குத்துவது மாதிரித் திருப்பிக் கொடுத்தாள்.

“நானும் வாரேன்,” என்றான்.

“வராத. இதுவரைக்கும் நீ செஞ்சது போதும்.”

டாக்ஸி தேனி ரோட்டிலிருந்து திரும்பும் இடத்தில் அந்த போர்டு நின்றது. படத்தில் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. டிரைவர் ஒரு முறை போர்டைப் பார்த்தார், ஒரு முறை கண்ணாடியில் அவளைப் பார்த்தார். “வாழ்த்துகள்மா,” என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சமணர் மலையை முறைத்துக்கொண்டே வந்தாள்.

வீட்டு வாசல் தகரக் கொட்டகையில் காளை டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. குழாய்த் தண்ணீரை ஒரே சக்கரத்தில் அடித்துக்கொண்டிருந்தார். மாயக்காள் நிலைப்படியில் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“கம்பெனி டூரு நல்லா இருந்துச்சா?” என்றார் காளை, திரும்பாமல்.

“அப்பா...”

“காலைல டீ குடிக்கப் போறேன். நம்ம பங்காளி உக்கிரபாண்டிப் பய எந்திரிச்சு வந்து எங் கையப் பிடிக்கிறான். அண்ணே, பொண்ணுக்கு நிச்சயமாமே, மூச்சே விடலயேங்கிறான். எனக்கு ஒண்ணும் வெளங்கல. விலக்குக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டுறான். நான் நிக்கிறேன். கையக் கூப்பிக்கிட்டு நிக்கிறேன். எம் மக நிச்சயத்துக்கு ஊரையே வா வான்னு கூப்பிடுறேன். எனக்கே தெரியாம!”

தண்ணீர் சக்கரத்தில் பட்டு அவர் வேட்டியையே நனைத்தது.

“நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆமாப்பா, நல்ல பய, ஆவணியில வச்சுக்கலாம்னு இருக்கேன், சொல்லுவேன்ல அப்புடின்னேன். நல்ல பயலாம்! அவன் கறுப்பா செவப்பான்னு நான் கண்டேனா? வேற என்ன சொல்லச் சொல்ற? எம் மக செய்யிறது எனக்கே தெரியாதுன்னு அந்த உக்கிரபாண்டிகிட்ட நான் சொல்லணுமா?”

மாயக்காள் மகளுக்குக் கண்ணைக் காட்டினாள். பேசாதே, காரியம் தானாக முடிந்துவிட்டது, காலில் விழுந்துவிட்டு உள்ளே வா என்று அந்தக் கண் சொன்னது. அம்மா சொல்வது சரிதான். அப்பா ஊருக்கு முன்னால் சொன்ன வார்த்தையை மாற்றுகிற ஆள் இல்லை. வேறு ஒருத்தியாக இருந்தால் சாமிக்குச் சூடம் ஏற்றியிருப்பாள்.

அஸ்வினிக்கு நேற்று மாலையிலிருந்து அடக்கி வைத்த கோபமெல்லாம் தொண்டைக்கு ஏறியது. ஒருத்தன் கடற்கரையில் கேட்டான். ஒருத்தன் போர்டு வைத்தான். அப்பா டீக்கடையில் பதில் சொல்லிவிட்டார். அவள் மட்டும் இன்னும் வாயே திறக்கவில்லை.

“அது எனக்கு வேணாம்ப்பா.”

“எது?”

“உக்கிரபாண்டி சித்தப்பாவுக்குச் சொன்ன பதிலு. அது உங்க மானத்துக்குச் சொன்னது. நான் இன்னும் உங்ககிட்டக் கேக்கவே இல்ல. இப்பத்தான் கேக்குறேன். அவரு பேரு அருண்பாண்டி. எங்கூட வேலை பாக்குறாரு. ஆனையூருல வீடு. அவங்கப்பா சோணைமுத்து நம்ம ஊர்க் களத்துல வேலை பாத்தவரு. அவங்க யாரு, எந்தத் தெருன்னு உங்களுக்கே தெரியும். அவரத்தான் நான் கட்டிக்கணும். பொய் சொல்லிட்டுப் போனது தப்பு. நாலு வருசம் பயந்துக்கிட்டே இருந்தேன், அதுவும் தப்பு. வேணாம்னா, வேணாம்னு எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.”

காளை திரும்பினார். குழாய் கையிலிருந்து தொங்கித் தரையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது.

“சோணைமுத்து மகனா?”

அவள் தலையாட்டினாள். அவர் முகத்தில் என்ன ஓடியது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் பைக் வந்து நின்றது.

வராதே என்று சொன்னவன் வந்துவிட்டான். வேர்த்து விறுவிறுத்து, நேற்றுப் போட்ட பேன்ட்டில் அதே முட்டி மண்ணோடு.

“நாந்தான் அருண்பாண்டி, சார்.”

“சாரா? நான் என்ன பள்ளிக்கூட வாத்தியாரா?”

அருண்பாண்டி ஓரடி முன்னால் வந்தான். “ஐயான்னு கூப்பிட மாட்டேன். எங்கப்பா கூப்பிட்டது போதும். வேற எப்புடிக் கூப்பிடுறதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

மாயக்காள் ஐயோ என்று முணுமுணுத்தாள். அஸ்வினி விடுவிடுவென்று உள்ளே போய்ப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து வந்தாள். சிமென்ட் தரையில் அது கிறீச்சிட்டது. அப்பாவுக்கு எதிரே போட்டாள்.

“உக்காரு.”

அவன் அவளைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான். நுனியில் அல்ல, நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தான். காளை அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றார். வெகுநேரம் பார்த்தார். எந்திரி என்று சொல்லவில்லை.

“இவ சரின்னுட்டாளா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்ல.”

“இல்லையா?” காளையின் குரல் எகிறியது. “அப்ப என்ன எழவுக்குடா போர்டு வச்சீங்க? எம் போட்டோவ வேற போட்டு! அதுல எனக்குக் கண்ணு பாதி மூடியிருக்கு. குடிச்சவன் மாதிரி இருக்கேன்!”

“எம் மேலதான் தப்பு. அவ வேணாம்னு சொல்லியும் வீடியோவ அனுப்பியிருக்கக் கூடாது.”

“ரெண்டு பேரும் கேளுங்க,” என்றாள் அஸ்வினி. “மொதல்ல ரெண்டு பேருமாப் போயி அந்த போர்டக் கழட்டிட்டு வாங்க. அது அங்க நிக்கிற வரைக்கும் நான் இவருக்குப் பதில் சொல்ல மாட்டேன். நீங்களும் எனக்குச் சொல்ல வேணாம்.”

“பட்டப்பகல்லயா? இவன்கூடயா? ஊரே பாக்கும்.”

“பாக்கட்டும். போர்டு வச்சப்ப பாத்துச்சுல்ல.”

காளை குழாயைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் அரிவாள் இருந்தது.

மாயக்காள் அலறினாள். நாலு வருடமாக அஸ்வினியைக் கனவில் வந்து எழுப்பிய அரிவாள் அது. அருண்பாண்டி நாற்காலியிலிருந்து எழுந்தான். ஆனால் பின்வாங்கவில்லை.

காளை மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன? போர்ட நைலான் கயிறு போட்டுக் கட்டியிருக்கான் கிறுக்குப் பய. பல்லால கடிச்சா அறுக்கிறது?” என்று இரைந்தார். அரிவாளைத் திருப்பி, பிடியை அருண்பாண்டி பக்கம் நீட்டினார். “இந்தா, பிடி. வண்டியில பின்னால உக்காரு. பாத்துப் பிடி, எம் முதுகுல குத்திராத.”

அருண்பாண்டி அதை வாங்கிக்கொண்டான்.

மொபட் நாலு உதை வாங்கிக்கொண்டுதான் கிளம்பியது. முன்னால் நனைந்த வேட்டியோடு காளை, பின்னால் அரிவாளைத் தன்னைவிட்டுத் தள்ளிப் பிடித்தபடி அருண்பாண்டி. டீக்கடையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அங்கே உக்கிரபாண்டி கண்டிப்பாக உட்கார்ந்திருப்பார். அப்பா என்ன சொல்வார் என்று அஸ்வினி யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

“ஏத்தா,” என்றாள் மாயக்காள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “சரின்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைய வேண்டியதுதான? எனக்கு உசுரே போயிருச்சு.”

“சொல்லுவேன். வரட்டும். திட்டிட்டுத்தான் சொல்லுவேன்.”

ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை அடைத்தாள். கொட்டகை முழுக்கச் சேறாகிக் கிடந்தது. ஈரம் படாத இடமாகப் பார்த்து அருண்பாண்டி உட்கார்ந்த நாற்காலியை நகர்த்தினாள். எதிரே அப்பாவுக்கு ஒன்று கொண்டுவந்து போட்டாள். பிறகு உள்ளே போய் இன்னொன்றையும் இழுத்து வந்து, இரண்டுக்கும் நடுவில் போட்டுத் தானே உட்கார்ந்துகொண்டாள்.