கோமு அக்கரை போவாளா?

1

இந்தக் கதை ஒரு தட்டு முறுக்கிலிருந்து பிறந்தது. எழுத்தாளரைப் பார்க்க ஒரு வாசகி வந்தாள். அவளுக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுத்தவர்தான் எழுத்தாளர்.

'நான்' என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். மானம் போனது. 'அவர்' என்று மாற்றிவிட்டேன். அசடு வழிவதில் பாதியையாவது அடுத்தவர் தலையில் கட்டலாம் அல்லவா?

2

முதல் தொடக்கம்: 'தாமிரபரணி வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல அன்று...'

(அடித்தாயிற்று. திருநெல்வேலியில் பேனா வாங்கிய எல்லோரும் இந்த வரியை ஒருமுறை எழுதியிருக்கிறார்கள்.)

இரண்டாவது தொடக்கம்: 1994. பாளையங்கோட்டையில் சிவசைலம் என்று ஒருவர். பகலில் அலுவலகத்தில் கோப்பு பார்ப்பார், விடுமுறை நாட்களில் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளுக்குத் தொடர்கதை எழுதுவார். அதையும் மனைவி சித்ரலேகாவின் பெயரில். பெண் எழுதினால்தான் வீட்டில் வாங்கிக் கொடுப்பார்கள் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டார்.

பெயர் மட்டுமா? பதினைந்து வயதுப் பெண் எதற்குச் சிரிப்பாள், எதற்கு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வாள் என்பது சிவசைலத்துக்குத் துளியும் தெரியாது. அடுப்படி வாசலில் நின்று மனைவியிடம் கேட்டுக்கொள்வார். ஸ்ரீவைகுண்டத்தில் அவள் ஆற்றில் நீந்திய கதையெல்லாம் அப்படித்தான் கதாநாயகி கோமுவுக்குப் போய்ச் சேர்ந்தது. பெயர் அவளுடையது, ஆறு அவளுடையது. முடிவு மட்டும் இவருடைய சொந்தச் சரக்கு.

அந்த முடிவும் தயாராகி, தபால் உறைக்குள் இருந்தது. அப்பா தடுத்தும் அக்கரைக்கு நீந்தக் கிளம்பிய கோமு பாதி ஆற்றில் திரும்பிக் கரையேறுகிறாள், இனி நீந்துவதில்லை என்று அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிறாள். (தொடர் புத்தகமானால் நூலகங்கள் வாங்க வேண்டுமே, அடங்கிப்போகிற பெண் என்றால்தான் வாங்குவார்கள். கலைக்காக என்று நான் சொன்னால் நம்பாதீர்கள்.)

3

வாசகியின் பெயர் பிரியதர்ஷினி, பத்தாம் வகுப்பு. முறுக்கைத் தொடாமல் சித்ரலேகாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கோமு அக்கரைக்குப் போயிருவாளா? எங்க வீட்லயும் இனிமே நீந்தப் போவக் கூடாதுங்காவ. எங்கம்மாவும் உங்க தொடரப் படிக்கா. கோமு போயிட்டான்னா நானும் வீட்ல கேட்டுப் பாப்பேன்."

"போவா," என்றாள் சித்ரலேகா.

சிவசைலம் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துத் தாமே கடித்தார்.

"சாரும் உங்க கதையப் படிப்பாங்களா அக்கா?"

"மொத ஆளா படிச்சிருவாவ. எழுத்துப்பிழை பாக்கதுக்கு."

4

அந்தப் பெண் போனதும் சித்ரலேகா உறையைப் பிரித்துப் படித்தாள்.

"இவ எதுக்கு மன்னிப்புக் கேக்கா?"

"நெசத்துல அப்படித்தான நடக்கும்? நீயே பெரிய மனுஷியானதும் நீச்சல விட்டவதான..."

"விட்டேன்னு யாரு சொன்னா?"

'சிவசைலம் அர்த்தத்துடன் புன்னகை...'

(இல்லை. புன்னகைக்கவில்லை. திருதிருவென்று முழித்தார்.)

"செவ்வாக்கெழம குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போறேன்லா? அக்கரை போயிட்டுத்தான் வாரேன் அத்தான்."

கல்யாணமான நாளாக அவள் ஈரத்தலையோடு வந்து காப்பி போட்டுத் தந்திருக்கிறாள். இவரும் வாங்கிக் குடித்திருக்கிறார். அடுப்படி வாசலில் அத்தனை நாள் நின்றவர் 'அப்புறம்?' என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. (எனக்கும்தான்.)

5

இனி முடிவு. கைவசம் இரண்டு இருந்தன.

ஒன்று: உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, கோமுவை அக்கரை சேர்க்கிறார். பிரியதர்ஷினியின் அம்மா அதைப் படித்து மனம்... (அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. எந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்?)

இரண்டு: அனுப்ப வேண்டிய நாள் வந்துவிட்டது என்று சொல்லி உறையை அப்படியே தபாலில் போடுகிறார். என்னைத் தெரிந்தவர்கள் இதற்குத்தான் பந்தயம் கட்டுவார்கள்.

நடந்ததோ வேறு. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "அக்கரைக்குப் போனதும் எப்படி இருக்கும் சித்ரா?"

அவள் பேனாவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எழுதுததுக்குக் கேக்கியளா, தெரிஞ்சுக்கிடக் கேக்கியளா?"

அவர் இன்னும் பேனாவை மூடவில்லை. அவளும் நகரவில்லை. வாசகரே, சரியான பதில் உங்களுக்குத் தெரிந்தால் அவர் காதில் பைய சொல்லுங்கள். எழுதி மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதையும் அச்சுக்கு அனுப்பிவிடுவார்.