சிம்ரன் வரைந்த கடை

காஞ்சிபுரத்தில், கீரை மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஜீவிதா திறக்கவிருந்த உணவகத்தின் சுவர்களுக்கு மூன்று முறை வெள்ளை அடித்தார்கள். மூன்று முறையும் மறுநாள் காலையில் அவை வெண்டைப் பிஞ்சின் பச்சைக்கு மாறியிருந்தன. பெயின்ட் கம்பெனிக்காரர் வந்து சுவரைச் சுரண்டி முகர்ந்து பார்த்துவிட்டு, ஈரமும் இல்லை, பாசியும் இல்லை, பெயின்ட் நல்ல பெயின்ட்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜீவிதாவின் கணவன் பாலாஜி நான்காவது முறையும் அடிக்கச் சொன்னான். மேசை, நாற்காலி, தடுப்பு என மர வேலை மொத்தத்தையும் எடுத்திருந்த ராஜகோபால் ஆசாரி மட்டும், பச்சையும் பார்வையாகத்தான் இருக்கிறது என்றார்.

ஜீவிதா வாயைத் திறக்கவில்லை. அந்தப் பச்சை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் அவளும் சிம்ரனும் ஐந்து வருடம் ஒரே லைனில் வேலை பார்த்தவர்கள். ஜீவிதா காஞ்சிபுரத்தை அடுத்த தாமலில் நிலபுலம் உள்ள குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். சிம்ரன் அதே ஊரில் காலனியில் பிறந்தவள். கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். இருவரும் சேர்ந்து கடை வைப்பது என்று அந்த பஸ்ஸில்தான் முடிவானது. சிம்ரன் ஒரு லாங் சைஸ் நோட்டில் கடையை வரைந்துகொண்டே வருவாள். பட்டெடுக்க வருகிறவர்களின் சேலை மாட்டிக்கொள்ளாதபடி மேசை முனைகள் உருண்டையாக இருக்க வேண்டும். மேசைக்கு அடியில் புடவைப் பை வைக்க ஒரு தட்டு. குழந்தைகள் கை கழுவ இடுப்பளவு உயரத்தில் தனியாக ஒரு தொட்டி. எல்லாவற்றையும்விட, சமையல்கட்டுக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே அகலமாக ஒரு ஜன்னல். “சமைக்கிற ஆளு மூஞ்சி தெரியணும்க்கா. யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சிக்கினுதான் சாப்புடணும்” என்பாள். அடுப்பு சிம்ரனுக்கு, கல்லா ஜீவிதாவுக்கு என்பது பேச்சு. சிம்ரனின் சமையல் எப்படி என்பதில் ஜீவிதாவுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. ஐந்து வருடமும் மத்தியானத்தில் அவளுடைய டப்பாவிலிருந்துதான் பாதி சாப்பிட்டாள்.

பாலாஜி இடம் பிடித்துக் கொடுத்த அன்று, மாமியார் மணியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே, குரலை உயர்த்தாமல், “அந்தப் பொண்ணு அடுப்பாண்ட நின்னா நம்ம ஆளுங்க எவனும் கை நனைக்க மாட்டான்மா” என்றாள். ஒன்றியக் கவுன்சிலருக்கு நிற்கும் எண்ணத்தில் இருந்த பாலாஜி ஆமாம் என்றான். நான் ஐந்து வருடமாக நனைத்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்று ஜீவிதா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் சிம்ரனுக்குப் போன் செய்து, “கொஞ்ச நாளிக்கி நீ பின்னாடி பார்சல் கட்டற எடத்துல இருந்துக்கமா” என்றாள். “பின்னாடியாக்கா?” என்று கேட்டுவிட்டு சிம்ரன் போனை வைத்தாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் சுவர் பச்சையானது. பிறகு சதுரமாக அறுத்துப் போட்ட மேசைகளின் முனைகள் தாமாக உருண்டையாயின. வாசலருகே யாரும் பதிக்காத ஒரு தொட்டி இடுப்பளவில் முளைத்தது, குழாயோடு. சமையல்கட்டை மறைத்து எழுப்பிய செங்கல் சுவர் நாளுக்கு நாள் மெலிந்து, ஒரு வெள்ளிக்கிழமை ஜன்னலாகவே ஆகிவிட்டது. பாலாஜி இரண்டு முறை அடைத்துப் பார்த்தான். ராஜகோபால் டேப் பிடித்துவிட்டு, “நான் செஞ்சிருந்தாகூட இவ்ளோ நேரா வந்திருக்காதுபா” என்றார். கடை தை மாதம் திறந்தது. வந்தவர்கள் உள்வேலைப்பாட்டைப் பாராட்டினார்கள். ஜன்னலில் சம்பளத்துக்கு வந்த சமையல்காரரின் முகம் தெரிந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த ஜீவிதா அந்தப் பக்கம் திரும்புவதைத் தவிர்த்தாள்.

கடை திறந்த இரண்டாவது வருடம் அவள் சிம்ரனைத் தேடிக் காலனிக்குப் போனாள். சிம்ரன் ஷிப்டு முடிந்து வந்து வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஒண்ணும் பண்ணலக்கா. பஸ்ல போறப்ப அந்தக் கடையவே நெனச்சிக்கினு போவேன். அவ்ளோதான். நெனைக்காம இருக்கத்தான் பாக்கறேன்.”

“வந்துடு சிம்ரன். அடுப்பு உன்னுதுதான். எங்க மாமியாருகிட்ட நான் பேசிக்கறேன்.”

“அன்னிக்கிப் பேசியிருக்கலாம்க்கா.” மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். “அஞ்சு வருசம் எங்கூடத்தான துன்ன?”

சிம்ரன் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஜீவிதா ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். அதனால் எதுவும் சரியாகிவிடவில்லை என்பது சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது இருவருக்குமே தெரிந்தது.

மேலும் இரண்டு வருடம் கழித்து சிம்ரன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சுங்குவார்சத்திரத்தில் ரோட்டோரம் ஒரு வெறும் அறையைப் பிடித்து அடுப்பு மூட்டினாள். அன்று காலை ஜீவிதாவின் கடையில் ஜன்னலைக் காணோம். பூசிய தடம்கூட இல்லாத முழுச் சுவர் நின்றது. ஜன்னல் சுங்குவார்சத்திரத்தில் இருப்பதாகப் பால்காரர் வந்து சொன்னார். அப்புறம் வாரத்துக்கு ஒன்றாக மேசைகள் போயின. குழந்தைகள் தொட்டி போயிற்று. கடைசியில் பச்சையும் போய்ச் சுவர் வெளுத்தது. பாலாஜி சட்டையை மாட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினான்.

“இன்னான்னு எழுதிக் குடுப்ப?” என்று ஜீவிதா கேட்டாள். இந்த விஷயத்தில் அவள் அவனிடம் வாய் திறந்தது அதுதான் முதல் முறை. “அது அவ கட. அவகிட்டதான் போவுது. உடு.”

தாமல்காரர்கள் சென்னைக்குப் போகும்போதும் வரும்போதும் சிம்ரன் கடையில்தான் வண்டியை நிறுத்துகிறார்கள். ஜன்னலில் அவள் முகத்தைப் பார்த்து இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்குகிறார்கள். மணியம்மாளின் தம்பியே அந்த மீன் குழம்பைப் பற்றி அக்காள் வீட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார். மணியம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஜீவிதா ஒரு முறை அங்கே போய் இறங்கினாள். எதிர்ப்பக்கம் நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டைக் கடக்க நாலைந்து முறை இடம் கிடைத்தது. அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டாள்.

காஞ்சிபுரத்துக் கடை இன்றும் நடக்கிறது. புதிதாக எதைப் போட்டாலும் ஆறு மாதத்துக்கு மேல் அங்கே தங்காமல் அதுவும் சிம்ரன் கடைக்குப் போய்விடுகிறது. அதனால் ஜீவிதா நாற்காலிக்குச் சொல்லி அனுப்பினால், ராஜகோபால் முதலில் சுங்குவார்சத்திரத்துக்குப் போன் போட்டு, எத்தனை அடி உயரம் வேண்டும் என்று சிம்ரனிடம் கேட்டுக்கொண்டு, அதற்கப்புறம்தான் மரம் அறுக்கிறார்.