ஃபேன் சுற்றவில்லை

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. உள்ளே இருக்கும் ஃபேன் சுற்றவில்லையாம், அதனால் கம்ப்யூட்டர் இன்னும் சற்று நேரத்தில் தானாகவே நின்றுவிடுமாம். சொன்னபடி நின்றும் போனது. இந்த வீட்டில் சொன்னதைச் செய்கிற ஒரே ஜீவன் அதுதான்.

"இன்னொரு தடவ போடுங்க" என்றேன்.

என் கணவர் பொத்தானை அழுத்தினார். அதே வரி, அதே சாவு. அவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியூரிலிருந்து மகள் கம்ப்யூட்டரில் அழைப்பாள். இன்னும் அரைமணி நேரம்கூட இல்லை.

இவருக்குக் குரல் கிடையாது. மூன்று வருடங்களுக்கு முன் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் தட்டுவார், அது இவருக்காகப் பேசும். கேள்விக்கும் கோபத்துக்கும் கொஞ்சலுக்கும் ஒரே ராகம். ஆனாலும் மகளுக்கு அதுதான் அப்பா குரல்.

என்னோடு அவள் பேசுவதில்லை. ஆபரேஷனை அவளிடம் மறைத்துவிட்டேன் என்று கோபம். "அப்பா குரல கடைசியா ஒரு தடவகூட கேக்க விடாம பண்ணிட்டியே" என்று கத்திவிட்டுப் போனை வைத்தவள்தான். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஆள்தான் தப்பு. மறைக்கச் சொன்னது நானில்லை, இவர். பிள்ளைக்குப் பரீட்சை நேரம், சொல்லாதே என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சொந்தக் குரலில் இவர் என்னிடம் கடைசியாகக் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். பழி என் தலையில் விழுந்தது. நானும் வாயை மூடிக்கொண்டேன். இவரிடமும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் இந்த வீட்டில் அவள் குரலே கேட்காமல் போய்விடும். இப்போதாவது ஞாயிறுதோறும் சமையலறைக் கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் இவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தட்டினார். கம்ப்யூட்டர் படித்தது: "நாளைக்கு அவளிடம் சொல்லிவிடுகிறேன். மறைக்கச் சொன்னது நான்தான் என்று."

இந்த மனிதருக்குத் துணிச்சல் அத்தி பூத்தாற்போல்தான் வரும். இன்றைக்கு விட்டால் அடுத்த வாரம் அது இருக்காது, எனக்குத் தெரியும். போனில் எழுதி அனுப்பினால் என்ன என்று கேட்பீர்கள். வீட்டில் இருப்பது என் போன் ஒன்றுதான். அதிலிருந்து போகிற எழுத்தெல்லாம் நான் எழுதியது என்று அவள் முடிவு கட்டி வைத்திருக்கிறாள். அப்பாவே சொன்னார் என்று அவள் நம்ப வேண்டுமென்றால் இந்தப் பெட்டிதான் பேச வேண்டும்.

கம்ப்யூட்டரை விற்றவருக்குப் போன் போட்டேன். அவர் குளித்துக்கொண்டிருந்தாராம். ஈரத் தலையோடு பேசுகிற அவசரம் குரலில் தெரிந்தது.

"பக்கத்து மூடியக் கழட்டுங்கக்கா. தூசி அடைச்சிருக்கும், தொடச்சிட்டுப் போட்டுப் பாருங்க."

இவர் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். அரிசி மணியளவு திருகாணியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுகிற கை. அந்தக் கை இன்று நாலு திருகாணிக்குத் தடுமாறியது. மூடி திறந்ததும் பார்த்தேன். உள்ளே தூசியே இல்லை, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஃபேனிலிருந்து ஒரு சின்ன ஒயர் மட்டும் அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் செருகுகிற இடத்தில் ஒரு முள் ஒடிந்து கிடந்தது.

"இத யாரு புடுங்கினது?"

அவர் தன் நெஞ்சைத் தொட்டார். பிறகு என் காதைத் தொட்டார். சமையலறைக் கதவைக் காட்டினார். கடைசியில் வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் இருமிக் காட்டினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. போன ஞாயிறு மகள் பேச்சின் நடுவே இருமிய மாதிரி இருந்தது. அவள் இருமினாளா, இந்த ஃபேன் உறுமியதா என்று தெரியவில்லை. வாரம் முழுக்க அதையே சொல்லிப் புலம்பினேன். 'இந்தக் கருமாந்தர ஃபேன் மட்டும் இல்லன்னா எம் பிள்ள குரல் நல்லாக் கேக்கும்' என்று இவர் காதுபடத்தான் சொன்னேன். நான் கதவோரம் நிற்பது இவருக்குத் தெரியாது என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று நான் தூங்கப் போன பிறகு, இன்று அவள் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கட்டும் என்று இவர் தன் இடுக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஓடுகிற கடிகாரத்தை நிறுத்திப் பழகிய கை. இது கடிகாரம் இல்லையே!

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஏறிய வேகத்திலேயே கண்ணில் இறங்கியது. திட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

அவர் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒடிந்த முள்ளை இடுக்கியால் நிமிர்த்தப் பார்த்தார். மிச்சமிருந்த துண்டும் உதிர்ந்தது. நான் படுக்கையறையிலிருந்து மேசை ஃபேனைத் தூக்கிவந்து, பெட்டியின் திறந்த வயிற்றுக்கு நேரே வைத்து முழு வேகத்தில் சுழலவிட்டேன். மேசையில் இருந்த காகிதமெல்லாம் பறந்தது. கம்ப்யூட்டரைப் போட்டோம். அதே வரி.

"வெளிக்காத்து கணக்குல வராதுக்கா" என்றார் போனில் இருந்தவர். சிரிப்பை அடக்குவது நன்றாகவே கேட்டது. "தன்னோட ஃபேன் சுத்துதான்னு மட்டும்தான் அது பாக்கும். இன்னிக்குக் கடை எதுவும் கிடையாது. நாளைக்குக் காலைல வந்து சரி பண்ணிடறேன்."

"இப்ப ஏதாவது வழி சொல்லுங்க தம்பி. கால்ல வேணாலும் விழறேன்."

"ஐயோ, இருந்தா சொல்ல மாட்டேனாக்கா?"

மேசை ஃபேனை நிறுத்தினேன். வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. இருவரும் செத்த பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவர் தலையைக் குனிந்து ஒயரை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தார்.

என் போன் அடித்தது. மகள். சண்டைக்குப் பிறகு இந்த நம்பருக்கு அவள் அழைப்பது இதுதான் முதல் தடவை. எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். என் குரல் கேட்டால் வைத்துவிடுவாள்.

"அப்பா? ஏன் ஆன்லைன்ல வரல? நீங்கதானா?"

அவர் மேசையில் ஒரு தட்டு தட்டினார். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் கம்ப்யூட்டர் வாங்கும்வரை எங்கள் வீட்டு மொழி அதுதான். பின்னால் கம்ப்யூட்டரில் தட்டி மகளுக்கும் அதைச் சொல்லியிருக்கிறார்.

"கம்ப்யூட்டர் ரிப்பேரா?"

ஒரு தட்டு.

"மருந்தெல்லாம் சாப்பிட்டீங்களா?"

ஒரு தட்டு.

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு தட்டு தட்டினார்.

"சரிப்பா. நான் வெச்சிடறேன்."

அவர் பதறிப்போய் இரண்டு தட்டு தட்டினார். மறுபடியும் இரண்டு. மறுபடியும் இரண்டு.

"என்னப்பா இல்ல? எது இல்ல?"

பதில் அவர் கையில் இருந்தது, கேள்விதான் யாரிடமும் இல்லை. மறைக்கச் சொன்னது அம்மாவா என்று அவள் ஒருமுறை கேட்டால் போதும். அவளுக்கு எப்படித் தோன்றும்? அந்தக் கேள்வியை எடுத்துக்கொடுக்க இந்த வீட்டில் வாயுள்ள ஆள் நான் ஒருத்திதான். அவர் என்னைப் பார்த்தார், சொல்லேன் என்று கெஞ்சுகிற பார்வை. நாள் முழுக்க ஓயாத என் வாய் காய்ந்து ஒட்டிக்கொண்டது. அவள் வைத்துவிடுவாள், இதோ வைக்கப்போகிறாள். நான் போனை நோக்கிக் குனிந்தேன். கேட்க வேண்டியது நாக்கு நுனியில்தான் இருந்தது. வந்தது வேறு.

"இருமல் விட்டுடுச்சாம்மா?"

வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் போன் திரையில் அழைப்பின் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அங்கிருந்து, ஏதோ ஒரு மேசைமேல், மெதுவாக இரண்டு தட்டு கேட்டது.